கண்ணாடிக்குள் ஒரு குளம்: பாசியும் மீன் நெரிசலும் பற்றிய பழைய வழக்கு

இரண்டடி நீளத் தொட்டி. நாற்பது ஐம்பது லிட்டர் தண்ணீர், அடியில் மண், மண்ணில் செடிகள், செடிகளுக்கு நடுவே மீன்கள். வைத்து ஒரு மாதம் ஆவதற்குள் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் விழுகின்றன. இலை ஓரங்களில் கறுப்பு மயிர் முளைக்கிறது. சில வேளை தண்ணீரே கீரைச் சாறு போல் ஆகிவிடுகிறது. வண்ணமீன் கடையில் கேட்டால் ஒருவர் மீன் அதிகம் என்பார். இன்னொருவர் விளக்கைக் குறைக்கச் சொல்வார். மூன்றாமவர் செடிக்கு உரம் பற்றவில்லை என்று ஒரு புட்டியை எடுத்து நீட்டுவார்.

மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத யோசனைகள். ஆனாலும் எதுவும் வாய்க்கு வந்தபடி சொன்னதல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் தனித்தனி வரலாறும், அதை நம்பி வெற்றி கண்டவர்களும் உண்டு. சிறிய செடித்தொட்டியில் பாசி ஏன் வருகிறது, எத்தனை மீன் விட்டால் அது நெரிசல் என்ற இரண்டு கேள்விகளும் பெரும்பாலும் ஒரே கேள்வியாகவே பேசப்படுகின்றன. அவை எந்த அளவுக்கு ஒன்று, எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை, சொல்லப்பட்ட விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓரளவு தெளியலாம்.

வாரிங்டனின் நத்தைகள்

1849இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலர் ஏறத்தாழ பன்னிரண்டு கேலன் கொள்ளும் கண்ணாடிக் கலம் ஒன்றில் மணலும் கற்களும் இட்டு, வாலிஸ்னேரியா செடியை நட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். செடிகள் காற்றைப் புதுப்பிக்கின்றன என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1770களில் காட்டியிருந்தார். அதற்கு வெளிச்சமும் இலையின் பச்சைப் பகுதியும் வேண்டும் என்று 1779இல் யான் இங்கன்ஹவுஸ் நிறுவினார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்சிஜனில் மீன் உயிர்வாழும், எனவே தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்பது வாரிங்டனின் எண்ணம்.

சில காலத்தில் பழைய இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சை வழுவழுப்புப் படிந்தது. அவர் ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகலையும் வழுவழுப்பையும் தின்றன. நத்தை முட்டைகள் மீனுக்கு இரையாயின. 1850இல் வேதியியல் கழகத்தின் இதழில் இதை அவர் அறிவித்தார். செடித்தொட்டியின் முதல் பதிவிலேயே பாசித் தொல்லையும் இருக்கிறது, அதற்கு மருந்தாக இன்னும் சில உயிர்களைச் சேர்க்கும் பழக்கமும் இருக்கிறது.

இதிலிருந்து பிறந்ததுதான் ‘சமநிலைத் தொட்டி’ என்ற கருத்து. 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்கூடம் திறந்ததும், அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘தி அக்வேரியம்’ நூலும் வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி வைக்கும் மோகத்தை இங்கிலாந்தில் கிளப்பிவிட்டன. மீனும் செடியும் நத்தையும் சரியான கணக்கில் கூடினால் தொட்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்தது. பாசி வந்தால் சமநிலை குலைந்துவிட்டது என்று பொருள். கணக்கைத் திருத்து என்பதே மருந்து.

இந்தக் கருத்தை 1949இல் நியூயார்க் மீன்காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ் நேரடியாகத் தாக்கினார். சமநிலைத் தொட்டி ஒரு கட்டுக்கதை என்பது அவர் வாதம். தொட்டிக்கு ஆக்சிஜன் பெரும்பாலும் நீர்ப்பரப்பின் வழியே காற்றிலிருந்து வருகிறது. இரவில் செடியும் மீனைப் போலவே ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. இதோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். தினமும் வெளியிலிருந்து தீனி போடும் தொட்டி எந்த நாளிலும் மூடிய உலகம் ஆகாது. வாரிங்டனின் கலம் நிலைத்ததற்கு இயற்கையின் ஒப்பந்தத்தைவிட, அதில் இரண்டே மீன் இருந்ததும் தீனி குறைவாக இருந்ததுமே பெரிய காரணமாக இருந்திருக்கலாம்.

அங்குலக் கணக்கும் அதன் ஓட்டைகளும்

சமநிலையை நம்பாதவர்களுக்கும் எத்தனை மீன் விடலாம் என்பதற்கு ஒரு கணக்கு தேவைப்பட்டது. ஒரு கேலன் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன் என்ற விதி பரவியது. இன்னும் கவனமானவர்கள் கொள்ளளவை விட்டுவிட்டு நீர்ப்பரப்பைக் கணக்கில் எடுத்தார்கள்: பத்துப் பன்னிரண்டு சதுர அங்குலப் பரப்புக்கு ஓர் அங்குல மீன். காற்றுப் பம்பு பரவலாகாத காலத்தில் மீனைக் கொன்றது பெரும்பாலும் மூச்சுத்திணறல் என்பதால், பரப்பை அளந்தது புத்திசாலித்தனமே.

ஆனால் நீளத்தால் மீனை அளப்பதில் அடிப்படையான பிழை இருக்கிறது. உடல் எடை நீளத்தின் கன அளவில் கூடுகிறது. ஒரே உடலமைப்பு என்று வைத்துக்கொண்டால் பத்து அங்குல மீன் ஒன்று, ஓர் அங்குல மீன்கள் பத்தைவிட நூறு மடங்கு கனக்கும். அங்குலக் கணக்கில் இரண்டும் சமம். சரி, எடையால் அளக்கலாமா? அங்கேயும் நெருடல் உண்டு. 1930களில் மாக்ஸ் கிளைபர் விலங்குகளில் கண்டபடி, உயிரின் எரிப்பு வேகம் எடைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. ஏறத்தாழ முக்கால் அடுக்கில்தான் கூடுகிறது. மீன்களுக்கும் இதற்கு அருகிலான கணக்கே பொருந்துகிறது. அதனால் ஒரு கிராம் மீன்கள் பத்து, பத்துக் கிராம் மீன் ஒன்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்குவரை கூடுதலாக ஆக்சிஜனைச் செலவழிக்கும்.

வடிகட்டி வந்தபிறகு வரம்பு இடம் மாறியது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களைச் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் பிரித்துக் காட்டியிருந்தார். மீன்தொட்டிகளில் இரண்டாவது வேலையைச் செய்வது பாடநூல் சொன்ன நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்று 1998இல் தெரியவந்தது. நன்னீர்த் தொட்டிகளின் வடிகட்டிகளில் அம்மோனியாவை உண்பவற்றில் ஆர்க்கியா என்ற வேறு வகை நுண்ணுயிர்களே மிகுந்திருப்பதை 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இரண்டு வேலையையும் ஒரே உயிரி செய்யக்கூடும் என்பது 2015இல் உறுதியானது. அந்த உயிரிகளில் சில, மீன்வளர்ப்பு நிலையமொன்றின் வடிகட்டியிலிருந்து கிடைத்தவை. நூறாண்டாக நம்பிய பாடத்தில்கூட இத்தனை திருத்தங்கள்.

நல்ல வடிகட்டியும் ஆக்சிஜனும் இருந்தால் எவ்வளவு மீன் பிழைக்கும் என்பதற்குச் சுழல்நீர் மீன்வளர்ப்புப் பண்ணைகளே சாட்சி. அங்கே ஒரு கனமீட்டர் நீரில் 50 கிலோ மீனும் அதற்கு மேலும் வளர்க்கிறார்கள். அதே அடர்த்தியில் 40 லிட்டர்த் தொட்டியில் இரண்டு கிலோ மீன் இருக்கும். யாரும் வீட்டில் அப்படி வைக்கச் சொல்லப்போவதில்லை. ஆயினும் நெரிசல் என்பது தண்ணீரின் அளவை மட்டும் பொறுத்ததல்ல என்பதற்கு இதுவே போதும்.

நடத்தை வேறொரு வரம்பை வைக்கிறது. நியான் டெட்ரா கூட்டமாக இருந்தால்தான் அச்சமின்றி நீந்தும். நான்கைந்தாகக் குறைத்தால் ஒளிந்துகொள்ளும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த ம்பூனா மீன்களை வளர்ப்பவர்கள், ஒன்று மற்றொன்றைக் குறிவைத்துக் கொல்லாதிருக்க வேண்டுமென்றே கூட்டத்தைப் பெருக்குகிறார்கள். கப்பியின் சிக்கல் வேறு. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும்; ஒருமுறை கிடைத்த விந்தைப் பெண்மீன் மாதக்கணக்கில் சேமித்துவைக்கும். கடையிலிருந்து ஆறு கப்பி வாங்கியவரின் தொட்டி, அவர் வேறு எதையும் வாங்காமலேயே நெரிசலாகிவிடும்.

தலையை எண்ணுவதா, தீனியை எண்ணுவதா?

பாசிக்கும் மீன் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பைத் தீனியின் வழியாகப் பார்த்தால் படம் தெளிவாகிறது. 40 விழுக்காடு புரதம் உள்ள உலர்தீனி ஒரு கிராமில் ஏறத்தாழ 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும். அதில் மூன்றிலொரு பங்கை மீன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் முழுவதும் நைட்ரேட்டாக மாறினால், 40 லிட்டர்த் தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். வாரம் ஒரு கிராம் தீனி, வாரம் கால்பங்குத் தண்ணீர் மாற்றம் என்றால், செடி எதையும் உறிஞ்சாத நிலையில் இது நாளடைவில் 20 மில்லிகிராம் அருகே போய் நிற்கும். பாதித் தண்ணீர் மாற்றினால் பத்துக்குள் நிற்கும். தீனி மும்மடங்கானால் இரண்டு எண்களும் மும்மடங்காகும்.

இந்தக் கணக்கில் மீனின் எண்ணிக்கை எங்கும் வரவில்லை. பத்து மீனுக்கு அளவாகப் போடும் வீட்டைவிட, ஐந்து மீனுக்கு ஆளாளுக்கு ஒரு சிட்டிகை போடும் வீட்டில் வரவு அதிகமாக இருக்கலாம்.

செலவுப் பக்கத்தில் செடி வளர்ச்சி, கத்தரித்து வெளியே போடும் இலை, மாற்றும் தண்ணீர் ஆகிய மூன்றும் வருகின்றன. சோதனைக் குப்பியில் தெரியும் நைட்ரேட் அளவு இவற்றின் கழிவுக்குப் பின் மிஞ்சியது மட்டுமே. கல்லாப்பெட்டியில் மிச்சமிருக்கும் காசு அன்றைய வியாபாரம் எவ்வளவு என்று சொல்லாது. அளவு பூஜ்யமாகக் காட்டும் தொட்டியில் பாசி செழிப்பதும், இருபது காட்டும் தொட்டி கண்ணாடியாக மின்னுவதும் இதனால் அவ்வளவு வியப்புக்குரியவை அல்ல.

நெரிசலும் பாசியும் ஒன்றையொன்று மோசமாக்கும் இடம் ஒன்று உண்டு. அதை மறுப்பவர் குறைவு. பச்சைத் தண்ணீர் நண்பகலில் கரியமில வாயுவை உறிஞ்சித் தீர்க்க, பி.எச். ஏறுகிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் ஏறத்தாழ 0.6 விழுக்காடு, பி.எச். 8 ஆனால் 5 விழுக்காட்டுக்கும் மேல். இரவில் அதே பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் நன்னீர், கோடையில் 30 டிகிரியை எட்டினால் 7.6 மில்லிகிராமோடு நிறைந்துவிடும். மீன் நிறைந்த பச்சைத் தொட்டிக்குப் பிற்பகலில் ஓர் ஆபத்து, விடியற்காலையில் வேறோர் ஆபத்து.

‘பாசி’ என்ற ஒற்றைச் சொல்

குளத்துப் படியில் வழுக்குவதும் பாசி, கடலில் விளைவதும் பாசி, சுவரில் படர்வதும் பாசி. மீன்தொட்டியில் பாசி என்று சொல்லப்படுபவையும் ஒரே குடும்பம் அல்ல. புதுத் தொட்டியில் பழுப்புத் தூளாகப் படிவது டயாட்டம். சிலிக்கா ஓடு கொண்ட ஒற்றைச் செல் உயிர். கண்ணாடியில் கெட்டியாக ஒட்டும் பச்சைப் புள்ளி, நூல்நூலாகப் பின்னும் கிளடோஃபோரா, தண்ணீரைப் பச்சையாக்கும் மிதவை உயிர்கள் எல்லாம் பெரும்பாலும் பச்சைப்பாசி வகை. இலை ஓரத்துக் கறுப்பு மயிர் உண்மையில் சிவப்புப்பாசி இனம். ஆல்கஹாலில் ஊறவைத்தால் பச்சையம் கரைந்து சிவப்பு வெளிப்படும். மண்மேல் போர்வை போல் விரிந்து நாறும் நீலப்பச்சைப் படலமோ பாசியே அல்ல, சயனோபாக்டீரியா.

காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கொடுத்தால் சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. எரித்ரோமைசின் போட்டு நீலப்பச்சைப் படலத்தை ஒழித்தவரின் சான்றிதழ் கறுப்பு மயிருக்கு உதவாது. பாசி பற்றிய வாதங்களில் பாதி, எந்தப் பாசி என்று கேட்காமல் தொடங்கியவை.

பாஸ்பேட்தான் குற்றவாளி என்ற கட்சி

சத்து மிகுந்தால் பாசி வரும் என்ற கொள்கைக்குப் பலம் கொடுத்தது ஏரி ஆராய்ச்சி. கனடாவின் ஒன்டாரியோவில், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 226ஆம் எண் ஏரியை 1973இல் டேவிட் ஷிண்ட்லரின் குழு நடுவே ஒரு திரை கட்டிப் பிரித்தது. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும், மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் இட்டார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பக்கம் மட்டும் பச்சையாகப் பொங்கியது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம், சலவைத்தூளில் பாஸ்பேட் வேண்டுமா என்ற பொது விவாதத்தில் புகழ்பெற்றது.

மீன்தொட்டிக்கு இதைத் திட்டமாகக் கொண்டுவந்தவர்கள் பால் சியர்ஸ், கெவின் கான்லின் இருவரும். 1996இல் அவர்கள் எழுதியதன் சாரம்: மற்ற எல்லாச் சத்தையும் செடிக்குத் தாராளமாகக் கொடு, பாஸ்பேட்டை மட்டும் கொடுக்காதே, செடி அதை உறிஞ்சித் தீர்த்துவிடும், பாசி பட்டினி கிடக்கும். மலிவான உப்புகளைக் கலந்து வீட்டிலேயே உரம் தயாரிக்கும் முறையையும் சேர்த்தே கொடுத்தார்கள். பலருக்கு அது பலித்தது.

தடுமாற்றம் அளவுகளில் இருக்கிறது. ஏரியில் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே அது வளம் மிகுந்த நீர். தினம் தீனி விழும் தொட்டியில் அதன் பல மடங்கு சாதாரணம். பாசியைப் பட்டினி போடுமளவுக்குக் குறைத்தால் முதலில் வாடுவது செடியாக இருக்க வாய்ப்பு அதிகம். நுண்ணிய உடலால் மிகக் குறைந்த செறிவிலிருந்தும் பாசி உறிஞ்சிக்கொள்ளும். பச்சைப் புள்ளிப் பாசி பாஸ்பேட் குறைந்த தொட்டிகளில் கூடுவதாகவும் பாஸ்பேட் இட்டதும் குறைவதாகவும் செடி வளர்ப்போர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறார்கள். மீன் நிறைந்த சிறு தொட்டியில் பாஸ்பேட்டை அந்த எல்லைக்குக் கொண்டுபோவது நடைமுறையிலும் எளிதல்ல.

இந்தக் கட்சியின் கிளையாக ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டின் விகிதமும் தொட்டிக்குள் வந்தது. கடல் மிதவை உயிர்களில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் சராசரியாக 106:16:1 என்ற விகிதத்தில் இருக்கின்றன என்பது அவர் கண்டது. நைட்ரேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் இடையே இந்த விகிதத்தைப் பேணினால் பாசி வராது என்று சிலர் அட்டவணைகள் போட்டார்கள். இரண்டு சத்தும் தேவைக்கு மேல் இருக்கும்போது விகிதம் எதையும் கட்டுப்படுத்துவதில்லை என்ற எதிர்வாதம் எளியது. இதுவரை வலுவாகவே நிற்கிறது.

செடியை வளர்த்தால் போதும் என்ற கட்சி

ஜப்பானின் நிகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954–2015) பிரச்சினையை எதிர்ப்பக்கத்திலிருந்து அணுகினார். 1982இல் நிறுவனம் தொடங்கி, 1992இல் ‘நேச்சர் அக்வேரியம் வேர்ல்ட்’ நூலை வெளியிட்ட அவர், தொட்டியை ஒரு தோட்டமாகப் பார்த்தார். நல்ல மண், பலமான வெளிச்சம், குழாய் வழியே கரியமில வாயு, தொடக்க வாரங்களில் அடிக்கடி தண்ணீர் மாற்றம், பாசி மேய இறால்கள். மீன்கள் சிறியவை, பெரும்பாலும் தோட்டத்துக்கு உயிரூட்டும் அளவுக்கே. அவர் தொட்டிகளின் தெளிவைப் பேசுவோர் மீன் விஷயத்தில் அவர் காட்டிய சிக்கனத்தை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

கரியமில வாயு ஏன்? காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. காற்றோடு சமநிலை கண்ட தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே கரைந்திருக்கும். நீருக்குள் இருக்கும் பெரும்பாலான செடிகளுக்கு முதலில் தட்டுப்படுவது அதுதான்.

2000களின் தொடக்கத்தில் அமெரிக்கரான டாம் பார் இதை ஒரு சோதனை வாதமாக ஆக்கினார். எல்லாச் சத்துகளையும், பாஸ்பேட் உட்பட, மிகுதியாகவே இடு. கரியமில வாயுவை லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் வை. வாரம் பாதித் தண்ணீரை மாற்றி மிகையைக் கழி. பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் நிரம்பிய பல தொட்டிகளில் பாசி வரவில்லை. சத்து மிகுதி மட்டுமே பாசிக்குப் போதுமான காரணம் என்ற கொள்கைக்கு இது பலமான அடி. உப்பாக இடும் நைட்ரேட்டும் மீன் கழிவாக வரும் அம்மோனியாவும் ஒரே விளைவைத் தருவதில்லை என்ற கருத்தும் இங்கிருந்துதான் பரவியது.

இந்தக் கட்சிக்கும் மூன்று பலவீனங்கள். பாதித் தண்ணீரை மாற்றும்போது கரிமக் கழிவும் பாசி வித்துகளும் சேர்ந்தே வெளியேறுகின்றன. எனவே வெற்றி எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாசி வந்தால் ‘கரியமில வாயு போதவில்லை’ என்று எந்தத் தோல்விக்கும் ஒரே விளக்கம் சொல்லும்போது, கொள்கையை யாரும் பொய்ப்பிக்க முடியாத நிலை உருவாகிறது. மூன்றாவது மீனைப் பற்றியது. ஆக்சிஜன் குறைந்த, நெரிசலான தொட்டியில் கரியமில வாயுவை ஏற்றினால் மீன் தன் இரத்தத்திலுள்ள வாயுவை வெளியேற்றத் திணறும். மீன் அதிகமுள்ள தொட்டிக்கு இது பொருந்தும் மருந்தா என்பதில் ஐயம் நியாயமே.

மண்தொட்டியும் மறைந்த நச்சும்

டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட ‘எக்காலஜி ஆஃப் தி பிளான்டட் அக்வேரியம்’ மூன்றாவது வழியைத் திறந்தது. சாதாரணத் தோட்டமண், மிதமான வெளிச்சம், உருளையிலிருந்து கரியமில வாயு இல்லை, தண்ணீர் மாற்றம் அரிது. உரம் மீன்தீனியே. பல நீர்த்தாவரங்கள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தை விரும்பி எடுப்பதை ஆய்வுகளிலிருந்து தொகுத்து, செடியே வடிகட்டி என்றார். நண்பகலில் சில மணி நேரம் விளக்கை அணைத்தால் மண்ணிலிருந்து கரியமில வாயு மீண்டும் சேரும் என்ற யோசனையும் அவருடையது. வாரிங்டனின் சமநிலை இங்கே புது வேடத்தில் திரும்பியது எனலாம். ஆனால் ஆக்சிஜனின் இடத்தில் இப்போது நைட்ரஜன்.

அம்மோனியத்தைப் பாசிகளும் விரும்பியே எடுக்கின்றன என்பது இந்த விளக்கத்தின் இடறல். இரண்டு போட்டியாளருக்கும் ஒரே பண்டம் பிடிக்கும் என்றால், யார் வெல்வார் என்பதற்கு வேறு காரணம் வேண்டும். செடிகள் பாசியைத் தடுக்கும் நச்சுகளைக் கசியவிடுகின்றன என்பது வால்ஸ்டாட் முன்வைத்த காரணங்களில் ஒன்று. 1949இலேயே ஆர்தர் ஹாஸ்லரும் எலிசபெத் ஜோன்ஸும் குளங்களில் செடி அடர்ந்த இடத்தில் மிதவைப் பாசி குறைவதைச் சோதனையாகக் காட்டினார்கள். மிரியோஃபில்லம் செடியிலிருந்து நீலப்பச்சைப் படலத்தைத் தடுக்கும் சேர்மம் 1990களில் பிரித்தெடுக்கப்பட்டது. ஆய்வகச் செறிவில் வேலை செய்யும் பொருள் தொட்டிச் செறிவிலும் அப்படியே வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி. வாரம் பாதித் தண்ணீர் மாறும் தொட்டிகளும் பாசியின்றி இருப்பதைப் பார்த்தால், நச்சு ஒன்றே முழு விடை ஆகாது என்று தோன்றுகிறது.

இந்த வழியில் மறுப்பில்லாத ஒரு கருவி மிதவைச் செடி. பிஸ்டியா, சால்வீனியா போன்றவை கரியமில வாயுவைக் காற்றிலிருந்தே எடுப்பதால் நீருக்கடியில் உள்ள தட்டுப்பாடு அவற்றைப் பாதிப்பதில்லை. வேகமாக வளரும், நிழல் தரும், கைநிறைய அள்ளி எறிந்தால் அத்தனை சத்தும் தொட்டியை விட்டுப் போகும். அள்ளியதைக் குளத்தில் போடக்கூடாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லவேண்டும். கேரளத்து வயல்களையும் இலங்கையின் நீர்நிலைகளையும் சால்வீனியா மூடிய கதை அறிந்ததே.

தின்பவரும் மருந்தும்

வாரிங்டனின் நத்தைக்கு வாரிசுகள் பல: அமானோ பெயரைத் தாங்கிய இறால், ஓட்டோசிங்க்ளஸ், குரோசோகைலஸ் ஆகிய மீன்கள். இவை கண்துடைப்பு அல்ல. இலைமேல் படியும் பாசியை நத்தைகள் மேய்ந்தால் செடி நன்றாக வளர்கிறது என்று ஸ்வீடனின் கிறிஸ்டர் பிரான்மார்க் 1980களில் சோதனையாகவே காட்டினார். ஆனால் மேய்பவை தின்றது மறையாது. பெரும்பகுதி கழிவாகத் திரும்பத் தண்ணீருக்கே வரும். நெரிசலால் வந்த பாசிக்கு மேலும் ஒரு மீனை வாங்கி விடுவதில் உள்ள முரண் வெளிப்படையானது.

அதன் மிகையான வடிவம் சக்கர் மீன். சென்னை கொளத்தூர்ச் சந்தை முதல் எல்லா ஊர்க் கடைகளிலும் விரல் நீளத்தில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் அது, ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. தின்பதைவிடக் கழிப்பதால்தான் சிறு தொட்டியில் பெயர் வாங்கும். தொட்டிக்குள் அடங்காதபோது ஏரியில் விடப்பட்டு, தென்னிந்திய நீர்நிலைகளில் வேரூன்றி, மீனவர் வலைக்குத் தொல்லையாகியிருக்கிறது.

மருந்துகளில் இன்று பரவலானது ‘திரவக் கார்பன்’ என்று விற்கும் குளூட்டரால்டிஹைடு. மருத்துவமனைக் கருவிகளைத் தூய்மையாக்கும் அதே பொருள். கறுப்பு மயிரைக் கொல்லும். கூடவே வாரிங்டன் நட்ட அதே வாலிஸ்னேரியாவைக் கரைத்தும்விடக் கூடும். ஹைட்ரஜன் பெராக்சைடு, புற ஊதா விளக்கு, மூன்று நான்கு நாள் முழு இருட்டு ஆகியவையும் குறிப்பிட்ட வகைப் பாசிக்குக் கேட்கின்றன. தாமிர மருந்து இறாலையும் சேர்த்தே கொல்லும். இவை எவையும் காரணத்தைத் தொடுவதாகக் கூறிக்கொள்வதில்லை. இறந்த பாசி அழுகும்போது அது கட்டியிருந்த சத்து மறுபடி நீரில் கலக்கிறது என்பதே இந்த வழியின் பொதுக்குறை.

ஆழமற்ற ஏரி தரும் பாடம்

மீன்தொட்டிக்காரர்களுக்கு வெளியே நடந்த ஓர் ஆய்வுப்போக்கு இந்த வழக்கில் அதிகம் பேசப்படவில்லை. நெதர்லாந்தின் மார்டென் ஷெஃபரும் உடனாய்வாளர்களும் 1993இல், ஆழமற்ற ஏரிகளுக்கு இரண்டு நிலைகள் இருக்கமுடியும் என்று வாதிட்டார்கள்: செடி நிறைந்த தெளிநீர், பாசி நிறைந்த கலங்கல்நீர். இடைப்பட்ட சத்து அளவுகளில் ஒரே ஏரி இரண்டில் எதிலும் நிலைக்கலாம். எங்கிருந்து தொடங்கியது என்பதைப் பொறுத்தது. ஒருமுறை கலங்கியபின், கலங்குவதற்கு முன்பிருந்த அளவுக்குச் சத்தைக் குறைத்தாலும் தெளியாது. இன்னும் கீழே போகவேண்டும்.

செடி எப்படித் தோற்கிறது என்பதற்கு அதற்கு முன்பே ஒரு விளக்கம் இருந்தது. இங்கிலாந்தின் நார்ஃபோக் நீர்நிலைகளை ஆராய்ந்த ஜி. எல். ஃபிலிப்ஸ், டி. எமின்சன், பிரையன் மாஸ் மூவரும் 1978இல், இலைமேல் படியும் பாசி நிழலிட்டுச் செடியை நலிவாக்க, அதன்பின் மிதவைப் பாசி இடத்தைப் பிடிக்கிறது என்றார்கள். மீனுக்கும் இதில் பங்குண்டு. அடியைக் கிளறும் மீன்கள் சேற்றைக் கலக்குகின்றன. சிறுமீன்கள் பாசி மேயும் நீர்த்தெள்ளுகளைத் தின்றுவிடுகின்றன. ஐரோப்பிய ஏரிகள் சிலவற்றை மீனைக் குறைத்தே தெளியவைத்தார்கள்.

ஏரியைத் தொட்டியாகச் சுருக்குவதில் எச்சரிக்கை வேண்டும். தொட்டியில் வெளிச்சம் ஒரு பொத்தானில் இருக்கிறது. நீர்த்தெள்ளு பெரும்பாலும் இல்லை. எனினும் வேறெந்தக் கட்சியும் விளக்காத ஓர் அனுபவத்தை இது விளக்குகிறது: மீனைப் பாதியாக்கி, தீனியைக் குறைத்து, விளக்கைச் சுருக்கிய பின்னும் பாசி விடாப்பிடியாக நிற்பது, அதே மீன், அதே தீனியோடு, தொடக்கத்திலேயே செடி அடர்த்தியாக நட்ட தொட்டி தெளிவாக இருப்பது.

எது தெளிந்தது, எது திறந்திருக்கிறது

நூற்றெழுபது ஆண்டு விடைகளை அடுக்கிப் பார்த்தால், ஒவ்வொரு கட்சியும் தான் வளர்த்த தொட்டிக்குச் சரியாகவே சொல்லியிருக்கிறது. வாரிங்டனிடம் இரண்டு மீன். அமானோவிடம் மீனைவிடச் செடி பலமடங்கு. பாரிடம் வாரம் பாதித் தண்ணீர். வால்ஸ்டாட்டிடம் மண்ணும் மிதமான வெளிச்சமும். ஒரு தொட்டியின் விதியை வேறொரு தொட்டிக்குத் தூக்கிப்போகும்போதுதான் அது உடைகிறது.

சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். நீளத்தாலும் எண்ணிக்கையாலும் நெரிசலை அளப்பது மிகக் கரடுமுரடானது. லிட்டருக்கு வாரம் எத்தனை கிராம் தீனி என்பது அதைவிடப் பயனுள்ள அளவு, ஆனால் அது நடத்தை என்ற வரம்பைத் தொடாது. நைட்ரேட்டோ பாஸ்பேட்டோ உயர்ந்திருப்பது மட்டும் பாசியை வரவழைக்கப் போதாது. செழித்து வளரும் செடிகளின் மொத்த அளவு, வெளிச்சத்தோடும் கரியமில வாயுவோடும் பொருந்தியிருப்பது எல்லா வெற்றித் தொட்டிகளிலும் காணப்படும் பொதுக்கூறு. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவதைவிட, முதலில் செடியைப் பெருக்கி, கத்தரித்ததை வெளியேற்றி, அதன்பின் மீனைத் தீர்மானிப்பது இந்தச் சான்றுகளோடு ஒத்துப்போகிறது.

திறந்திருப்பவையும் சிறியவை அல்ல. நலமான செடி பாசியைத் தடுப்பது போட்டியாலா, நிழலாலா, நச்சாலா, இலைமேல் வாழும் நுண்ணுயிர்களாலா? அம்மோனியா பாசி வித்தை எழுப்புகிறது என்ற பரவலான நம்பிக்கை, அழுகும் இலையும் கரிமக் கழிவும் செய்யும் வேலையைத் தவறாகப் பெயரிடுகிறதா? கறுப்பு மயிர் ஏன் ஒரு தொட்டியில் ஓட்டம் மிகுந்த வடிகட்டி வாயிலும், இன்னொன்றில் தேங்கிய மூலையிலும் முளைக்கிறது? தொட்டி உலகின் சான்றுகள் பெரும்பாலும் ஒரு வீடு, ஒரு தொட்டி, ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்கள் என்ற வடிவில் வருவதால் இவற்றைப் பிரிப்பது கடினம். ஒரே மண், ஒரே விளக்கு கொண்ட பல சிறு தொட்டிகளில் தீனியையும் செடியின் அளவையும் தனித்தனியே கூட்டிக் குறைத்து, பாசியை வகைபிரித்து எண்ணினால், மேலே சொன்ன கட்சிகளில் எவை மிஞ்சும் என்பது தெரியவரும்.